ஸ்டேக்கிங் தளம் முரண்டு பிடித்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

கிரிப்டோ காயினை ஒரு பிளாக்செயினில் (சுருக்கமாகச் செயின்) பூட்டி வைத்து ரிவார்டு வாங்குவதுதான் ஸ்டேக்கிங். அதைத் தானாகச் செய்துதரும் தளத்தில் ஏதோ கோளாறு என்றால் பணம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். பதற்றத்தில் அதே பட்டனை இரண்டாம் முறை அழுத்தியும், அவசரமாக வேறு முகவரிக்கு அனுப்பியும், டெலிகிராமில் தானாக வந்து பேசிய 'சப்போர்ட்' ஆளை நம்பியும்தான் அதிகம் பேர் இழக்கிறார்கள்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஆட்டோ காம்பவுண்ட் (ரிவார்டைத் தானாக மறுபடி ஸ்டேக் செய்வது), ஆட்டோ டிரான்ஸ்ஃபர் என்று ஓடிக்கொண்டிருப்பதை எல்லாம் நிறுத்துங்கள். கடைசிப் பரிவர்த்தனையின் ஹாஷை, அதாவது அதன் அடையாள எண்ணை, எடுத்து வையுங்கள். பிறகு அந்தச் செயினின் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் உங்கள் வாலட் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எத்தீரியம் செயினின் காயினான ஈதருக்கு ஈத்தர்ஸ்கேன், சோலானாவுக்கு சோல்ஸ்கேன், காஸ்மாஸ் வகைகளுக்கு மின்ட்ஸ்கேன். டாஷ்போர்டு காட்டுவது அந்தத் தளத்தின் சர்வர் சொல்லும் எண் மட்டுமே. எக்ஸ்ப்ளோரரில் இருப்பு சரியாக இருந்து டாஷ்போர்டில் மட்டும் பூஜ்யம் என்றால், தளத்துக்கும் செயினுக்கும் இடையிலுள்ள ஆர்பிசி சர்வர் மக்கர் செய்கிறது. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, காத்திருந்தால் போதும்.

காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயே 'ஏர்ன்' பகுதியில் ஸ்டேக் செய்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. உங்கள் காயின், எக்ஸ்சேஞ்சின் வாலட்டில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அவர்கள் தரும் ஸ்டேட்மெண்ட் மட்டுமே. மாதம் ஒருமுறை அதை டவுன்லோடு செய்து வைப்பது அவசியம்.

ஸ்டேக் செய்து நாளாகிறது, ரிவார்டு இன்னும் வரவில்லை

புகார்களில் நிறைய இந்த வகைதான், பெரும்பாலும் கோளாறே இருக்காது. ஒவ்வொரு செயினுக்கும் ஒரு தாளம் உண்டு. சோலானாவில் ஒரு எபோக் (ரிவார்டு கணக்கிடும் ஒரு சுற்று) சுமார் 2 நாள். இன்று ஸ்டேக் செய்தால் அடுத்த எபோக் தொடங்கும்போதுதான் அது ஆக்டிவ் ஆகும். அந்த எபோக் முடிந்த பிறகே முதல் ரிவார்டு. ஆக 2 முதல் 4 நாள். கார்டானோவில் எபோக் 5 நாள், முதல் ரிவார்டு வர 15 முதல் 20 நாள் ஆகும். லிடோ என்ற தளத்தில் ஈதரை ஸ்டேக் செய்தால் பதிலாகக் கிடைக்கும் எஸ்டிஈத் டோக்கன் தினமும் ஒருமுறை, நம் நேரப்படி மாலை 6 மணியை ஒட்டி, வாலட்டில் தானாகக் கூடும். இதற்கென்று தனிப் பரிவர்த்தனை எதுவும் வராது. இருப்பு எண் மட்டும் மாறும். அதையே டபிள்யூஎஸ்டிஈத் ஆக மாற்றி வைத்திருந்தால் எண்ணும் மாறாது, ஒரு டோக்கனின் மதிப்புதான் ஏறும். ராக்கெட் பூல் தளத்தின் ஆர்எத்-உம் அப்படித்தான். எண்ணிக்கை கூடவில்லையே என்று அவற்றை விற்றுவிட வேண்டாம்.

பாலிகானின் பிஓஎல்-ஐ ஸ்டேக் செய்யப் போய் 'இன்சஃபிஷியண்ட் ஃபண்ட்ஸ்' என்று வந்தால், டோக்கன் பாலிகான் செயினில் இருக்கிறது, ஸ்டேக்கிங் கான்ட்ராக்ட் (ஸ்டேக்கிங்கை நடத்தும் நிரல்) எத்தீரியம் செயினில் இருக்கிறது என்று பொருள். டோக்கனையும் அங்கே கொண்டுபோக வேண்டும், கேஸ் கட்டணத்துக்கு (செயினில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டுவது) ஈதரும் வேண்டும். சிறு தொகைக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது.

சேர்ந்திருந்த ரிவார்டு திடீரெனப் பூஜ்யமாகிவிட்டது

காஸ்மாஸ் ஹப், ஆஸ்மோசிஸ் போன்ற செயின்களில் இது வரும். அங்கே அதே வாலிடேட்டரிடம் (செயினை இயக்கும் சர்வர்காரர்) இன்னும் கொஞ்சம் டெலிகேட் செய்தாலோ (ஸ்டேக்கை ஒப்படைத்தல்), அன்டெலிகேட் (திரும்ப எடுத்தல்), ரீடெலிகேட் (வேறு வாலிடேட்டருக்கு மாற்றுதல்) செய்தாலோ, அதுவரை சேர்ந்த ரிவார்டு தானாக வாலட்டுக்கு வந்துவிடும். ஆகவே ஸ்டேக் பக்கத்தைப் பார்க்காதீர்கள், வாலட்டின் கையிருப்பைப் பாருங்கள். மின்ட்ஸ்கேனில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் ரிவார்டு எடுக்கப்பட்ட வரி உள்ளேயே தெரியும்.

அங்கும் இல்லையென்றால் 'வித்ட்ரா அட்ரஸ்' என்ற அமைப்பைச் சரிபாருங்கள். ரிவார்டு வேறொரு முகவரிக்குப் போகும்படி அதை மாற்ற முடியும். நீங்கள் மாற்றாமலேயே அது மாறியிருந்தால் உங்கள் வாலட்டின் ரகசியச் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

ஆட்டோ காம்பவுண்ட் நின்றுவிட்டது

காஸ்மாஸ் வகையில் ஆட்டோ காம்பவுண்ட் செய்யும் ரீஸ்டேக் போன்ற கருவிகள், உங்கள் சார்பில் செயல்பட நீங்கள் தரும் 'ஆத்ஸ்' அனுமதியை வைத்து இயங்குகின்றன. அந்த அனுமதிக்குக் காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலும் ஓராண்டு. தேதி முடிந்தால் எந்த எச்சரிக்கையும் வராமல் நின்றுபோகும். வாலட்டில் கிராண்ட் (கொடுத்த அனுமதி) பட்டியலைத் திறந்து தேதியைப் பார்த்துப் புதுப்பியுங்கள். புதுப்பிக்கும்போது அனுமதி 'டெலிகேட்' செய்வதற்கு மட்டும், உங்கள் வாலிடேட்டருக்கு மட்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'சென்ட்' அனுமதி கேட்கும் எந்தத் தளத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், சேர்ந்த ரிவார்டு அந்தக் கருவியை ஓட்டும் ஆபரேட்டர் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவைத் தொடாமல் இருக்கலாம்.

எக்ஸ்சேஞ்சோடு ஏபிஐ சாவி (நிரல் உள்ளே நுழையத் தரும் கடவுச்சொல்) மூலம் இணைந்த பாட், அதாவது தானாக ஓடும் நிரல் என்றால் பிழைச் செய்தியைப் படித்தாலே விஷயம் தெரிந்துவிடும். பினான்ஸ் எக்ஸ்சேஞ்சில் -2015 வந்தால் சாவி, ஐபி, அனுமதி மூன்றில் ஒன்று பொருந்தவில்லை. பெங்களூரில் வீட்டு பிராட்பேண்டில் பாட் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். கரண்ட் போய் ரவுட்டர் திரும்ப எழுந்தால் ஐபி மாறிவிடும், சாவியில் பதிந்திருப்பதோ பழைய ஐபி. ஐபி கட்டுப்பாட்டையே எடுத்துவிடுவது சுலபமாகத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். நிலையான ஐபி உள்ள சிறிய கிளவுட் சர்வர் எடுப்பதுதான் சரியான தீர்வு. அதையும் மும்பை ரீஜனில் எடுங்கள். அமெரிக்க ரீஜனில் எடுத்தால் 451 என்று பினான்ஸ் கதவைச் சாத்திவிடும். -1021 வந்தால் கம்ப்யூட்டரின் கடிகாரம் பிசகியிருக்கிறது; நேரத்தை, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி மூலம் சரிசெய்தால் போதும். சாவியில் 'வித்ட்ரா' அனுமதி எக்காலத்திலும் திறந்திருக்கக் கூடாது.

எஸ்டிஈத் வைத்து ஓடும் ஸ்கிரிப்டுகளில் ஒரு நுணுக்கமான பிழை உண்டு. உள்ளே கணக்கு பங்குகளாக வைக்கப்படுவதால், டிரான்ஸ்ஃபரின்போது ஒன்றிரண்டு வெய் குறைந்து போய்ச் சேரும். வெய் என்பது ஈதரின் ஆகச்சிறிய அலகு, பணமாக அதற்கு மதிப்பே இல்லை. ஆனால் 'அனுப்பிய அளவும் வந்த அளவும் சமமா' என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட் அங்கேயே விழுந்துவிடும். டபிள்யூஎஸ்டிஈத்-க்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

காம்பவுண்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதிலும் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். ஆண்டுக்கு 12 சதவீத ஏபிஆரில் (மறுமுதலீட்டைச் சேர்க்காத விகிதம்) ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை மறுமுதலீடு செய்தால் ஆண்டு முடிவில் 12,683 ரூபாய். வாரம் ஒருமுறை என்றால் 12,734. தினமும் செய்தால் 12,747. தினமும் ஓட்டுவதற்கும் மாதம் ஒருமுறை ஓட்டுவதற்கும் ஆண்டு முழுக்க வித்தியாசம் 64 ரூபாய். எத்தீரியம் மெயின்நெட்டில் கேஸ் கட்டணமே அதைத் தின்றுவிடும். கட்டணம் மிகக் குறைந்த செயின் தவிர மற்றவற்றில் மாதம் ஒருமுறை போதும்.

சொன்ன விகிதம் கிடைக்கவில்லை

முதலில் வாலிடேட்டரின் கமிஷனைப் பாருங்கள். ஆரம்பத்தில் 0 என்று ஆள் சேர்த்துவிட்டு, பிறகு ஏற்றுகிறவர்கள் உண்டு. சோலானாவில் அதை 100 சதவீதம் வரை ஏற்ற முடியும்; அப்போது ரிவார்டு முழுவதும் அவர்களுக்கே. காஸ்மாஸில் வாலிடேட்டர் 'ஜெயில்டு' (தண்டனையாக ஒதுக்கப்பட்ட) நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெயிலில் இருக்கும் வரை ஒரு பைசா வராது. காஸ்மாஸ் ஹப்பில் சர்வர் நின்றதற்கு 0.01 சதவீதமும், வாலிடேட்டர் ஒரே கட்டத்தில் இரு வேறு பிளாக்குகளில் கையெழுத்திட்டதற்கு (இரட்டைக் கையெழுத்து) 5 சதவீதமும் உங்கள் முதலிலிருந்தே வெட்டப்படும். வேறு வாலிடேட்டருக்கு ரீடெலிகேட் செய்தால் காத்திருக்க வேண்டாம். ஆனால் அப்படி மாற்றியதை அடுத்த 21 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது. புது ஆளை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

இது எதுவும் இல்லையென்றால், விளம்பரத்தில் இருந்தது ஏபிஒய் (மறுமுதலீட்டையும் சேர்த்த விகிதம்), உங்களுக்குக் கிடைப்பது ஏபிஆர் என்பதாக இருக்கலாம். தளத்தின் சொந்தக் கட்டணத்தையும் கழியுங்கள். லிடோ ரிவார்டில் 10 சதவீதம் எடுக்கிறது.

அன்ஸ்டேக் கொடுத்தாயிற்று, பணம் வரவில்லை

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. காத்திருப்புக் காலம் முடிந்ததா, அதற்குப் பின் 'கிளெய்ம்' அல்லது 'வித்ட்ரா' என்று இரண்டாவது கையெழுத்து மிச்சம் இருக்கிறதா.

காஸ்மாஸ் ஹப்பில் 21 நாள். முடிந்ததும் தானாக வாலட்டில் விழும். ஒரே வாலிடேட்டரிடம் ஒரே நேரத்தில் 7 அன்பாண்டிங்தான் (விடுவிக்கக் காத்திருக்கும் கோரிக்கை) நிலுவையில் இருக்கலாம். எட்டாவது முறை பிழை காட்டும். பணத்தைத் துண்டு துண்டாக எடுக்கும்படி பாட்டை அமைத்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மனம் மாறினால் அன்பாண்டிங்கை ரத்துசெய்யவும் வழி உண்டு.

சோலானாவில் டிஆக்டிவேட் செய்து எபோக் முடிந்த பிறகு, தனியாக 'வித்ட்ரா' கொடுக்க வேண்டும். ஆட்டோ தளம் முதல் படியை மட்டும் செய்துவிட்டு நிற்பது சகஜம். ஒவ்வொரு ஸ்டேக் கணக்கிலும் சுமார் 0.00228 சோல் இருப்பு வைப்பாக நிற்கும். கணக்கை முழுவதும் காலி செய்தால் அதுவும் திரும்பி வரும்.

எத்தீரியத்தில் கதை நீளம். ஒரு வாலிடேட்டர் வெளியேற மூன்று கட்டம் தாண்ட வேண்டும். முதலில் வெளியேறும் வரிசை: ஒரு எபோக்குக்கு, அதாவது 6.4 நிமிடத்துக்கு, 256 ஈதர்தான் வெளியேறலாம். நாளுக்கு 57,600 ஈதர். 2025 செப்டம்பரில் 25 லட்சம் ஈதருக்கு மேல் வரிசையில் நின்று, காத்திருப்பு 40 நாளைத் தாண்டியது. அடுத்து 256 எபோக் கட்டாய இடைவெளி, ஏறக்குறைய 27 மணி நேரம். கடைசியாக ஸ்வீப்: ஒரு பிளாக்குக்கு அதிகபட்சம் 16 வாலிடேட்டர் என்று வரிசையாகச் சுற்றி வந்து பணத்தை விடுவிக்கும்; உங்கள் முறை வரச் சில நாள் ஆகும். இந்த மூன்றில் எதையும் எந்தத் தளமும் வேகப்படுத்த முடியாது. கட்டணம் கொடுத்தால் முன்னால் தள்ளுகிறோம் என்பவர் பொய் சொல்கிறார்.

லிடோவில் கோரிக்கை வைத்ததும் என்எஃப்டி எனும் தனித்த டோக்கன் ஒன்று வாலட்டுக்கு வரும். அதுதான் ரசீது, கோரிக்கை தயாரானதும் அதை வைத்துக் கிளெய்ம் செய்ய வேண்டும். ஏதோ ஸ்பாம் என்று நினைத்து அதை யாருக்காவது அனுப்பினால், பணம் எடுக்கும் உரிமையும் அவருக்கே போய்விடும். லிடோ, சோலானா இரண்டிலும் கிளெய்ம் செய்யக் கெடு கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போனவர், ஹார்டுவேர் வாலட் பெங்களூர் அறையில் இருக்கிறதே என்று பதறி, சீட் வார்த்தைகளை (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள்) போன் ஆப்பில் ஏற்ற வேண்டாம். திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம்.

டிரான்ஸ்ஃபர் 'பெண்டிங்' என்றே நிற்கிறது

எத்தீரியம் வகைச் செயின்களில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 'நான்ஸ்' என்ற வரிசை எண் உண்டு. 41 நின்றால் 42, 43 எல்லாம் அதன் பின்னால் நிற்கும். கேஸ் கட்டணம் குறைவாக வைத்ததால் முதலாவது சிக்கியிருக்கும். பாட்டோ 'போகவில்லை' என்று நினைத்து அதே தொகையைப் புதுப்புது நான்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கும். இப்போது 41-ஐ மட்டும் விடுவித்தால் பின்னால் நிற்பவை அத்தனையும் ஓடிவிடும், ஒரே தொகை மூன்று முறை போகும்.

சரியான வரிசை இது. பாட்டை நிறுத்துங்கள். வாலட்டிலோ ஈத்தர்ஸ்கேனிலோ நிலுவையில் உள்ள எல்லா நான்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டாதவற்றை முதலில் ரத்துசெய்யுங்கள்: அதே நான்ஸில், உங்கள் முகவரிக்கே 0 ஈதர் அனுப்பும் பரிவர்த்தனை. கட்டணம் பழையதைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும், மேக்ஸ் ஃபீ, பிரயாரிட்டி ஃபீ இரண்டிலும். இல்லையென்றால் நோடுகள் ஏற்காது. அதன் பிறகு 41-ஐ 'ஸ்பீடு அப்' செய்யுங்கள்.

'சக்ஸஸ்' என்கிறது, ஆனால் எக்ஸ்சேஞ்சில் வரவில்லை

நெட்வொர்க்கைப் பாருங்கள். யுஎஸ்டிடி-ஐ (டாலர் மதிப்புடைய டோக்கன்) எத்தீரியம் முகவரி கேட்ட இடத்துக்கு ஆர்பிட்ரம் என்ற வேறு நெட்வொர்க் வழியாக அனுப்பியிருக்கலாம். போய்ச் சேர்ந்த முகவரி உங்கள் சொந்த வாலட் என்றால் கவலையே இல்லை. வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் தெரியும். எக்ஸ்சேஞ்ச் முகவரி என்றால் டிக்கெட் போட வேண்டும். அடுத்து மெமோ: அட்டம், எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார், டான் ஆகியவற்றில் எக்ஸ்சேஞ்ச் எல்லாருக்கும் ஒரே முகவரியைத்தான் கொடுக்கும், யாருடைய பணம் என்பதை மெமோதான் சொல்லும். விட்டுப்போயிருந்தால் ஹாஷ், தொகை, நேரம், அனுப்பிய முகவரி நான்கையும் டிக்கெட்டில் எழுதுங்கள். பணம் அவர்கள் வாலட்டில்தான் இருக்கிறது, பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் மெதுவாக.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. ஸ்டேக்கிங் கான்ட்ராக்டிலிருந்து நேராக எக்ஸ்சேஞ்ச் முகவரிக்குக் கிளெய்ம் செய்தால், ஈதர் 'இன்டர்னல் டிரான்ஸாக்ஷன்' ஆகப் போகும். சில எக்ஸ்சேஞ்சுகளின் கணினி அதைக் கவனிக்காது. வாலிடேட்டர் வித்ட்ராவல் இன்னும் மோசம், அதற்கு ஹாஷே கிடையாது. எப்போதும் முதலில் சொந்த வாலட்டுக்கு, அங்கிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு.

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் ஆகியவற்றிலிருந்து பிரிட்ஜ் எனப்படும் அதிகாரபூர்வ இணைப்பு வழியாக எத்தீரியத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 7 நாள் ஆகும், முடிவில் எத்தீரியத்தில் ஒரு கிளெய்ம் உண்டு. அதற்கான கேஸ் ஈதரை முன்பே வாலட்டில் வையுங்கள்.

முகவரியைப் பழைய பட்டியலிலிருந்து காப்பி எடுக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் போலவே உருவாக்கிய போலி முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பிப் பட்டியலில் இடம்பிடிப்பது ஒரு மோசடி முறை. 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் டோக்கனான ரேப்ட் பிட்காயினில் 1,155-ஐத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். நடு எழுத்துகளையும் சரிபாருங்கள். பெரிய தொகை என்றால் முதலில் சிறு தொகை.

ரூபாயாக மாற்றி பேங்குக்கு எடுத்தால் நிராகரிக்கப்படுகிறது

தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. பான் கார்டில் 'கார்த்திகேயன் முருகேசன்' என்று அப்பா பெயர் விரிந்து இருக்கும், பேங்கில் 'மு. கார்த்திகேயன்' என்று இனிஷியல். எக்ஸ்சேஞ்ச் ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்க்கும்போது பொருந்தாது. இதில் மாற்ற எளிது பேங்க் பெயர்தான். ஆதார், பான் நகலோடு கிளையில் மனு கொடுத்து, கேஒய்சியில் பெயரைப் பான்படி விரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு எக்ஸ்சேஞ்சில் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். எக்ஸ்சேஞ்ச், மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயு-இண்டியாவில் பதிவானதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

பி2பி-யில் (இன்னொரு தனி ஆளுக்கு) விற்ற பிறகு கணக்கு முடங்கினால், உங்களுக்கு வந்த பணம் ஏதோ மோசடிப் புகாரில் சிக்கியது என்று அர்த்தம். கிளையில் எழுத்துமூலம் கேளுங்கள்: புகார் எண் என்ன, எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு லியன் (முடக்கம்). ஆர்டர் விவரம், சாட், ஹாஷ் எல்லாம் சேர்த்து அந்த நிலையத்தின் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். எக்ஸ்சேஞ்சிலேயே நேரடியாக விற்பது கொஞ்சம் விலை குறைந்தாலும் நிம்மதி. 1 சதவீத டிடிஎஸ் அங்கேயே பிடிக்கப்பட்டு, கணக்கு வருமான வரித் துறையில் பதிவாகிவிடும்.

வரிக் கணக்கு பொருந்தாதவர்கள் நேர மண்டலத்தைப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரர் கோப்புகள் யுடிசி-யில் இருக்கும். நமக்கு ஏப்ரல் 1 அதிகாலை 2 மணி, அங்கே மார்ச் 31 இரவு 8:30. ரிவார்டு டோக்கனை இன்னொன்றாக மாற்றும் ஒவ்வொரு ஸ்வாப்பும் விற்பனைக் கணக்கில் வரும். லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஒன்றின் நஷ்டத்தை மற்றதில் கழிக்க முடியாது. பாட் ஓட்டும் முன் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பணம் எடுக்க முதலில் பணம் கட்டச் சொல்கிறார்கள்

'வரி 15 சதவீதம் கட்டினால் அன்லாக்', 'வாலட் சரிபார்ப்புக்கு 500 யுஎஸ்டிடி', 'விஐபி நிலைக்கு டாப்-அப்'. இது கோளாறு அல்ல, மோசடி. உண்மையான தளம் கட்டணத்தை உங்கள் இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளும். யுஎஸ்டிடி-க்கும் பிட்காயினுக்கும் அவற்றின் சொந்தச் செயினில் ஸ்டேக்கிங் என்பதே கிடையாது. அந்தப் பெயரில் நடப்பது கடன் கொடுப்பது, அல்லது ஏமாற்று. ஈதர் ஸ்டேக்கிங் ஆண்டுக்கே 3 சதவீதத்தை ஒட்டித்தான் தருகிறது. நாளுக்கு 1 சதவீதம் என்பவர், தமிழில் அண்ணா தம்பி என்று எவ்வளவு அன்பாகப் பேசினாலும், உங்கள் பணத்தையே உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

மேலும் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியுங்கள். ரூபாய் போன வழி பேங்க் அல்லது யுபிஐ என்றால் முதல் சில மணி நேரத்தில் அதை முடக்க வாய்ப்பு அதிகம். பெங்களூரில் ஒவ்வொரு காவல் கோட்டத்துக்கும் சிஇஎன் (சைபர், பொருளாதார, போதைக் குற்ற) நிலையம் உண்டு. கன்னடம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். பேங்க் யுடிஆர் எண் (பணப் பரிமாற்ற எண்), ஹாஷ், பெற்றவர் முகவரி, சாட் ஸ்கிரீன்ஷாட் நான்கையும் அச்செடுத்துப் போங்கள்.

சீட் வார்த்தைகள் வெளியே போய்விட்டன

சந்தேகத்துக்குரிய தளத்தில் அப்ரூவல் (டோக்கனை எடுக்க அனுமதி) மட்டும் கொடுத்திருந்தால், அதை ரிவோக் (ரத்து) செய்தால் போதும். சீட் வார்த்தைகளையே எங்காவது டைப் செய்திருந்தால் அந்த வாலட்டை இனி பயன்படுத்தக் கூடாது. வேறொரு சாதனத்தில் புது வாலட் தொடங்கி, கையிருப்பை உடனே மாற்றுங்கள். ஸ்டேக்கில் உள்ளதைக் காப்பாற்றுவது செயினுக்குச் செயின் மாறும். சோலானாவில் ஸ்டேக் கணக்கின் 'வித்ட்ரா அத்தாரிட்டி', 'ஸ்டேக் அத்தாரிட்டி' இரண்டையும் அன்ஸ்டேக் செய்யாமலேயே புது வாலட்டுக்கு மாற்ற முடியும். மற்ற எதையும்விட முதலில் அதைச் செய்யுங்கள், திருடன் முந்திக்கொண்டு மாற்றினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எஸ்டிஈத், ஆர்எத் போன்ற டோக்கன்களை அன்ஸ்டேக் செய்யக் காத்திருக்காமல் டோக்கனாகவே அனுப்பிவிடலாம். காஸ்மாஸ் ஹப்பில் 21 நாள் கழித்து அதே பழைய முகவரிக்குத்தான் பணம் வரும். அந்த நிமிடத்தில் யார் முந்துகிறார் என்பதுதான் கேள்வி. அன்பாண்டிங் முடியும் நேரம் மின்ட்ஸ்கேனில் தெரியும். அதற்கு முன்பே, புது வாலட்டுக்கு அனுப்பும் ஸ்கிரிப்டைத் தயாராக ஓடவிடுங்கள். பழைய வாலட்டில் கட்டணத்துக்கு அட்டம் வைத்தால் அதையும் திருடன் துடைத்துக்கொண்டே இருப்பான் என்பதால், 'ஃபீ கிராண்ட்' மூலம் புது வாலட்டே கட்டணம் செலுத்தும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.